நேற்றிரவு மேகமா, நட்சத்திரமா?

கேள்வி: கொக்குவிலில் இருந்து எழுதுகிறேன். ஈஸ்டர் விடுமுறைக்கு சுவிஸில் இருக்கும் அண்ணாவிடம் போகிறேன். பனியில் புதையாத அகலச் சப்பாத்து கட்டிக்கொண்டு மலையில் நடக்க அவரும் நண்பர்களும் கூப்பிடுகிறார்கள். நல்ல வெயில் நாளாகப் பார்த்துத்தான் போவார்களாம். பனிச்சரிவுப் பயம் இல்லைத்தானே?

பதில்: அந்த 'நல்ல வெயில் நாள்'தான் எனக்கு இடிக்கிறது. வசந்தத்தில் வெயில் ஏறும்போது மேற்பனி உருகி, தண்ணீர் கீழே ஊறும். பனிமணிகளைப் பிணைத்து வைத்திருக்கும் ஒட்டு அதில் கரைந்துபோகும். அடியில் இறுகிய அடுக்கிலோ நிலத்திலோ தண்ணீர் தேங்கினால், மேலே கிடப்பது மொத்தமாக வழுக்கிக்கொண்டு வரும்.

அதனால் அண்ணாவிடம் முதலில் கேட்க வேண்டியது, முந்தைய இரவு வானம் எப்படி இருந்தது என்பதை. மாசிப் பனி மச்சைத் துளைக்கும் என்கிறோமே, அந்த இரவுகளில் மேகம் இருக்காது. நிலத்தின் சூடு தடையில்லாமல் மேலே போய்விடும். மலையிலும் அதே கதைதான். தெளிந்த இரவென்றால் ஈரப்பனி மறுபடி உறைந்து விடியலில் பாறைபோல் இருக்கும். மேகம் மூடிய இரவென்றால் சரியாக உறையாது, காலையிலேயே ஆபத்து. அப்படிப்பட்ட நாளில் பயணத்தை விட்டுவிடுங்கள்.

உறைந்திருந்தாலும் அந்தப் பாதுகாப்பு சில மணிநேரத்துக்குத்தான். கிழக்குச் சரிவு முதலில் இளகும், பிறகு தெற்கு, பின்னேரம் மேற்கு. இருட்டோடு புறப்பட்டு மதியத்துக்கு முன் இறங்கிவிட வேண்டும். கால் கணுக்கால் தாண்டிப் புதைய ஆரம்பித்தால், உச்சி கண்ணுக்கெதிரே இருந்தாலும் திரும்புங்கள்.

அடுத்தது சாய்வு. மணற்காட்டு மணல்மேட்டில் ஏறியிருந்தால் தெரியும், காய்ந்த மணல் 30 பாகைக்குச் சற்று மேல் போனால் நிற்காது, சரிந்துவிடும். பனி ஒட்டிக்கொண்டு அதைவிடச் செங்குத்தாகவும் நிற்கும்; அப்புறம் ஒரேயடியாக விடும். பெரும்பாலான பனிச்சரிவுகள் 30 முதல் 45 பாகைச் சரிவுகளில்தான் கிளம்புகின்றன. 30 பாகைக்கு மேற்பட்ட இடங்களை நிறம் தீட்டிக் காட்டும் வரைபடம் சுவிஸ் அரசின் வரைபட நிறுவனமான சுவிஸ்ரோப்போவில் உண்டு. ஒன்று கவனம்: நீங்கள் நடப்பது சமதரையாக இருந்தாலும், மேலே செங்குத்துச் சரிவு இருந்தால் அது உங்கள் தலையில்தான் வந்து விழும்.

டாவோஸில் உள்ள பனி ஆய்வு நிறுவனம் ஆபத்தை 1 முதல் 5 வரை அறிவிக்கிறது. 3 என்றால் பாஸ் மார்க் என்று நம் ஆட்கள் நினைக்கக்கூடும். சுவிஸில் பனிச்சரிவு மரணங்களில் ஏறக்குறைய பாதி 3ஆம் நிலை நாட்களில்தான் நடக்கிறது. வசந்தத்தில் காலைக்கு ஒரு நிலை, பகலுக்கு ஒரு நிலை என்று பிரித்துச் சொல்வார்கள். பகல் நிலையையும் பாருங்கள்.

புதைந்தவரைத் தேடும் அலைக்கருவி, பனிக்குள் துழாவும் தடி, சவள் மூன்றும் ஆளுக்கொன்று கட்டாயம். புதைந்தவரைப் பத்து நிமிடத்துக்குள் எடுத்தால் பெரும்பாலும் பிழைப்பார், அதற்குப் பிறகு வாய்ப்பு விறுவிறென்று குறையும். ஈரப்பனி நின்றதும் சீமெந்துபோல் இறுகுவதால் வெறுங்கையால் தோண்ட முடியாது. ரேகா மீட்பு ஹெலியை 1414இல் அழைக்கலாம். ஆனால் அந்தப் பத்து நிமிடத்துக்குள் தோண்டப்போவது பக்கத்தில் நிற்பவர்கள்தான். அதனால் கருவியை வைத்துத் தேடத் தெரியாதவரோடு போகவேண்டாம், அது அண்ணாவாக இருந்தாலும் சரி. நீங்களும் முதல் நாளே வீட்டு முற்றத்தில் பழகிப் பாருங்கள்.

கறுப்புக் கண்ணாடியும் எடுங்கள். பனியில் தெறிக்கும் வெளிச்சம் யாழ்ப்பாணத்துச் சித்திரை வெயிலையும் மிஞ்சும்.