முக்கால் அடிக்கு ஓர் அடி

அண்மையில் கோலாலம்பூரில் நடந்த நான்கு நாள் போட்டியில் இரண்டாம் நாளோடு வெளியேறிய தொழில்முறை கோல்ஃப் ஆட்டக்காரர் வாசகர்களுக்குப் பதில் சொல்கிறார்.

18-ஆவது குழியில் கடைசித் தட்டு விழுந்திருந்தால் மூன்றாம் நாளும் ஆடியிருப்பீர்கள். இடிமழை கெடுத்துவிட்டதா? (செந்தூல் வாசகர்)

இடியின் மேல் பழி போட எனக்கும் ஆசைதான் ஐயா. ஆனால் பிற்பகலில் வானம் கறுப்பது கோலாலம்பூர்க்காரனுக்குப் புதிதா? குழிக்குப் பன்னிரண்டு அடி தள்ளிக் குந்தியிருந்தபோது சங்கு ஊதியது. மின்னல் அபாயச் சங்கு என்றால் அந்த நொடியே நிறுத்தியாக வேண்டும். இந்த ஒன்றை மட்டும் தட்டிவிட்டு வருகிறேன் என்பது செல்லாது. பந்து இருந்த இடத்தில் காசை வைத்துவிட்டு ஓடினேன். ஒரு மணி ஐம்பது நிமிடம் கழித்து வந்தால் புல் நனைந்து கனத்துக் கிடக்கிறது. ஈரப் புல்லில் பந்து மெதுவாக ஓடும் என்று தெரியும். கைதான் காய்ந்த புல்லின் நினைப்பிலேயே இருந்தது. இரண்டு விரற்கடை முன்னால் பந்து நின்றுவிட்டது.

ஆனால் நான் கோட்டை விட்டது அங்கே இல்லை. முதல் நாள் காலை, ஏழாவது குழி. முக்கால் அடி தூரம். நேராக நிற்கச் சோம்பல்பட்டு, எட்டி நின்று ஒற்றைக் கையால் தட்டினேன். பந்து விளிம்பில் ஒரு சுற்று சுற்றி வெளியே வந்துவிட்டது. கேமரா இல்லை, கூட்டம் இல்லை. பார்த்தவர் என் கோல் பையைச் சுமக்கும் கேடி மட்டும். பந்தை நான் அடித்தது முதல் நாள் 71 முறை, மறுநாள் 74, ஆக 145. மூன்றாம் நாள் ஆட வேண்டுமானால் 144-க்கு மேல் போகக் கூடாது; அதுதான் தகுதிக் கோடு. 2015-இல் இந்தியாவின் அனிர்பான் லாஹிரி இதே நகரில் மலேசிய ஓபன் போட்டியை ஓர் அடியில் வென்றார். நான் ஓர் அடியில் வீட்டுக்கு வந்தேன்.

பரிசுப் பணம் எவ்வளவு? (பிறை வாசகி)

பூஜ்யம். மூன்றாம் நாளுக்குத் தகுதி பெறாதவருக்குப் பொதுவாக ஒன்றும் கிடையாது. நுழைவுக் கட்டணம், கேடி கூலி, பெட்ரோல் எல்லாம் கைக்காசு.

குரங்கு பந்தைத் தூக்கிக்கொண்டு போனால்? (கிள்ளான் வாசகர்)

தண்டனையாகக் கணக்கில் ஓர் அடி கூட்ட மாட்டார்கள். பந்து இருந்த இடத்தில் வேறு பந்தை வைக்கலாம். ஆனால் குரங்குதான் எடுத்தது என்பது தெரிந்திருக்க வேண்டும். இல்லாவிட்டால் தேட மூன்றே நிமிடம். 2019-க்கு முன்பு ஐந்து இருந்தது. அதற்குள் கிடைக்கவில்லை என்றால் தொலைந்த கணக்குதான். என்னிடம் குரங்குகள் பறித்ததெல்லாம் வாழைப்பழம்.

மகனுக்குப் பத்து வயது. இது பணக்காரர் விளையாட்டு என்று கணவர் தடுக்கிறார். (காஜாங் வாசகி)

அவர் சொல்வதில் பாதி உண்மை அம்மா. இங்கே ராயல் சிலாங்கூர் கோல்ஃப் கிளப் 1893-இல் தொடங்கியபோது நம்மவர்கள் உள்ளே போனது பெரும்பாலும் வேலைக்குத்தான். என் அப்பாவும் ஒரு திடலில் புல் வெட்டியவர். உறுப்பினர் ஒருவர் தூக்கி எறிந்த ஏழாம் எண் இரும்புக் கோலை வீட்டுக்குக் கொண்டுவந்தார். பிடியில் ரப்பர் போய்விட்டதால் சைக்கிள் டியூபை வெட்டிச் சுற்றிக் கொடுத்தார். இரண்டு வருடம் அந்த ஒரு கோல்தான். பையில் 14 கோல் வரை வைத்துக்கொள்ளலாம் என்பதற்காகக் கடைக்காரர் பதினான்கையும் உங்கள் தலையில் கட்டப் பார்ப்பார். பையனுக்கு நான்கு போதும், அதுவும் பழையது.

உங்கள் கேடி தாய்மாமனாமே, திட்டினாரா? (பிரிக்பீல்ட்ஸ் வாசகர்)

திட்டியிருந்தால் பரவாயில்லை. அன்று மாலை ஒரு மாமாக் (இந்திய முஸ்லிம்) உணவுக்கடையில் உட்கார்ந்தோம், தே தாரிக் வந்தது. மாமா பேசவே இல்லை. கிளாஸை மேசையின் ஒரு முனையில் வைத்தார், அதற்கு முக்கால் அடி தள்ளி என் கார்ச் சாவியை வைத்தார். கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு சாவியை எடுத்து என்னிடம் கொடுத்துவிட்டு, இரண்டு தேநீருக்கும் அவரே காசு கொடுத்தார்.