வாசகர் கேள்வி–பதில்: பப்புக்குள் சிகரெட் அணைந்த பிறகு

பணியிடங்களுக்குள் புகைபிடிப்பதை நாடு முழுக்கத் தடை செய்ததில் அயர்லாந்துதான் முதல். 2004 மார்ச் 29 முதல் அங்கே பப்புகளுக்குள் சிகரெட் கிடையாது. ஸ்காட்லாந்து 2006 மார்ச் 26 அன்றும், வேல்ஸ் 2007 ஏப்ரல் 2 அன்றும், வட அயர்லாந்து அதே மாதம் 30 அன்றும், இங்கிலாந்து ஜூலை 1 அன்றும் அதே வழிக்கு வந்தன. இந்தத் தடை பப்பின் சமூக வாழ்க்கையை என்ன செய்தது என்று பிரிட்டனில் வாழும் வாசகர்கள் கேட்டிருக்கிறார்கள்.

கேள்வி: பப்புகள் அடுத்தடுத்து மூடப்படுவதற்கு இந்தத் தடைதான் காரணம் என்கிறார்களே, உண்மையா? (வாசகர், பர்மிங்காம்)

பாதி உண்மைகூட இல்லை. ஆனாலும் ஒரேயடியாகத் தள்ளிவிட முடியாது. பப்புகளின் எண்ணிக்கை தடைக்கு முன்பே குறைந்துகொண்டுதான் இருந்தது. சூப்பர் மார்க்கெட்டில் பீர் மலிவு. 2008-இல் பொருளாதாரம் சரிந்தது. அதே ஆண்டு முதல் 2013 வரை பீர் மீதான வரியும் விலைவாசியைவிட வேகமாக ஏற்றப்பட்டது. இங்கிலாந்தில் தடை வந்த மறு வருடமே இவை எல்லாம் சேர்ந்து விழுந்ததால், எந்த அடி எதனால் என்று பிரிப்பது கடினம்.

அடி எல்லோருக்கும் ஒரே மாதிரி விழவில்லை. பின்கட்டில் தோட்டமும், சாப்பாடு போட அடுப்படியும் உள்ள பப்புகள் சமாளித்துக்கொண்டன. புகை வாடை போனதும் குழந்தைகளோடு மதியச் சாப்பாட்டுக்குக் குடும்பங்கள் வந்தன. தெருவோரத்தில் ஒரே கூடம், முற்றம் இல்லை, பீரைத் தவிர வேறு வியாபாரம் இல்லை என்ற நிலையில் இருந்த தொழிலாளர் வட்டாரத்துப் பப்புகளுக்குத்தான் வலித்தது. புகைபிடிப்பவர்கள் அதிகம் இருந்ததும் அங்கேதான். தடையின் சமூக விலையை யார் கொடுத்தார்கள் என்று கேட்டால், எங்கள் பதில் இதுதான்.

கேள்வி: தனி அறை ஒதுக்கி, நல்ல எக்ஸாஸ்ட் ஃபேன் போட்டிருந்தால் போதாதா? (வாசகர், குராய்டன்)

போதாது. காற்றோட்டம் புகையை அகற்றுவதில்லை, நீர்க்கச் செய்கிறது. உள்ளே சிகரெட் எரிந்துகொண்டே இருக்கும்போது காற்றோட்டத்தை இரண்டு மடங்காக்கினால் புகையின் அடர்த்தி பாதியாகும். நூறில் ஒரு பங்காகக் குறைக்க நூறு மடங்கு காற்று வேண்டும். அந்தப் புயலில் யாரும் உட்கார்ந்து குடிக்க முடியாது. மாறாக, ஸ்காட்லாந்துப் பப்புகளில் தடைக்கு முன்னும் பின்னும் காற்றை அளந்தபோது, நுரையீரலின் ஆழம்வரை போகும் நுண்துகள்கள் சராசரியாக 86 சதவீதம் குறைந்திருந்தன.

இன்னொன்று: அந்தத் தனி அறையில் கண்ணாடிக் குவளைகளைப் பொறுக்குவது யார்? சட்டத்தின் வேர் அங்கேதான். இது வாடிக்கையாளரின் சௌகரியத்துக்கு வந்த சட்டமல்ல. எட்டு மணி நேரம் பிறர் விட்ட புகையைச் சுவாசித்த ஊழியருக்கு வந்தது. சாப்பாடு போடாத பப்புகளுக்கும் தனியார் கிளப்புகளுக்கும் விலக்குக் கொடுக்கத்தான் இங்கிலாந்தில் அரசு முதலில் திட்டமிட்டது. 2006 பிப்ரவரி 14 அன்று எம்.பி.க்கள் கட்சிக் கட்டுப்பாடு இல்லாமல் வாக்களித்து, முழுத் தடையை 384-க்கு 184 என்று நிறைவேற்றினார்கள். அது சரியான முடிவு. சாப்பாடு போடாத பப்பில் வேலை செய்பவருக்கும் அதே நுரையீரல்தானே.

கேள்வி: பக்கத்து வீட்டில் தனியாக இருக்கும் ஐரிஷ் பெரியவர் தினமும் பப்புக்குப் போவார். கைத்தடி பிடித்த பிறகு, "புகைக்க வெளியே போய் நிற்க முடியவில்லை" என்று நிறுத்திவிட்டார். வீட்டிலேயே டின் பீர், சிகரெட். என்ன செய்யலாம்? (வாசகி, லூட்டன்)

வாசலில் உருவான புதிய சகவாசத்தைப் பற்றி நிறையப் பேசியாகிவிட்டது. உள்ளே தனித்தனி மேசையில் இருந்தவர்கள் வெளியே "லைட்டர் இருக்கா?" என்ற ஒரு கேள்வியில் பழகிக்கொள்கிறார்கள். புகைக்கப் போன இடத்தில் மலரும் காதலுக்கு ஆங்கிலத்தில் 'ஸ்மர்ட்டிங்' என்று பெயரே வந்துவிட்டது. அறுவர் உட்கார்ந்த மேசையில் நால்வர் எழுந்து போக, மீதி இருவர் பைகளுக்குக் காவல் இருக்கும் காட்சியும் வழக்கமாகிவிட்டது. இவை எல்லாம் நிற்க முடிந்தவர்களின் கதை. ஜனவரி மழையில் இரண்டு படி இறங்கி, ஈரத் தரையில் நின்று, திரும்ப ஏறி வர முடியாதவருக்குத் தடை கதவை மூடிவிட்டது. அவர் இழந்தது சிகரெட்டையல்ல, பேச்சுத் துணையை.

பப் நடத்துபவரிடம் நேரில் பேசுங்கள். கேட்க வேண்டியவை சின்ன விஷயங்கள்: படி இல்லாத வழி, அல்லது படியோரம் ஒரு கைப்பிடி. கூரைக்கடியில் கைவைத்த நாற்காலி ஒன்று. தாழ்ந்த பெஞ்சிலிருந்து எழுந்திருப்பது முட்டிவலிக்காரருக்குப் பெரும்பாடு, இருக்கை உயரம் 45 முதல் 48 செ.மீ. இருந்தால் நல்லது. கூட்டம் இல்லாத பிற்பகலில் அவரைப் போகச் சொல்லுங்கள். பாதி குடித்த குவளையின் மேல் பீர் மேட்டை, அதாவது குவளைக்கடியில் வைக்கும் அட்டையை, வைத்துவிட்டுப் போனால் 'திரும்பி வருவேன்' என்று பொருள். ஊழியர் அதை எடுக்க மாட்டார். ஆனால் கூட்டமான இரவில் அட்டை காவல் ஆகாது. பானத்தில் எதையாவது கலந்துவிடும் ஆபத்து உண்டு, ஆகவே தெரிந்தவர் கண்பார்வையில் விட்டுப் போக வேண்டும்.

கேள்வி: சிறிய பப் ஒன்றைக் குத்தகைக்கு எடுத்திருக்கிறோம். பின்முற்றத்தில் புகைபிடிப்பவர்களுக்குக் கொட்டகை போட வேண்டும். எது சட்டப்படி சரி? (வாசகர், நார்த்தாம்ப்டன்)

டேப்பை எடுத்து அளந்துகொண்டு ஆரம்பியுங்கள். இங்கிலாந்தில் விதி இது: கூரை இருந்து, சுவர்ப் பரப்பில் திறந்திருக்கும் பகுதி பாதிக்குக் குறைவாக இருந்தால், அது மூடிய இடம், அங்கே புகைக்கக் கூடாது. கூரையே இல்லையென்றால் இந்தக் கணக்கே வேண்டாம். இழுத்து மூடும் கேன்வாஸும் கூரைதான்.

நிறையப் பேர் தவறுவது மூன்று பக்கக் கொட்டகையில். பின்சுவர் 4 மீட்டர், பக்கச் சுவர்கள் இரண்டு இரண்டு மீட்டர், முன்பக்கம் 4 மீட்டர் திறப்பு, உயரம் எங்கும் ஒன்று என்று வைத்துக்கொள்வோம். மொத்தம் 12, திறப்பு 4. மூன்றில் ஒரு பங்குதான், தேறாது. பார்க்கக் காற்றோட்டமாகத்தான் இருக்கும், ஆனாலும் தேறாது. ஒரு பக்கச் சுவரை எடுத்தால் திறப்பு 6, சரிபாதி, ஏட்டளவில் தேறும். ஆனால் நாளைக்கு அந்தத் திறப்பில் ஒரு விளம்பரப் பலகையை மாட்டினால் கணக்கு கவிழ்ந்துவிடும். இரண்டு பக்கத்தையும் திறந்துவிட்டால் 12-க்கு 8, நிம்மதி. பப்பின் சொந்தச் சுவரும் சுவர்க் கணக்கில் சேரும். கதவு, ஜன்னல், சுருட்டி ஏற்றும் பிளாஸ்டிக் திரை போன்று திறந்து மூடக்கூடிய எதுவும், திறந்தே கிடந்தாலும், திறப்பாக எண்ணப்படாது. அயர்லாந்தில் கணக்கு சுற்றளவில்: சுவர்கள் சுற்றளவில் பாதிக்கு மேல் போகக் கூடாது.

அடுத்தது இடம். கதவை ஒட்டிப் போடாதீர்கள். அடுப்படி எக்ஸாஸ்ட் உள்காற்றை வெளியே இழுக்கும்போது கட்டடத்துக்குள் அழுத்தம் குறைகிறது. கதவு திறக்கும் ஒவ்வொரு முறையும் வெளிக்காற்று உள்ளே பாயும், வாசலில் இருக்கும் புகையோடு. ஆகவே கொட்டகையைக் கதவிலிருந்து தள்ளி வையுங்கள், கதவுக்குத் தானாக மூடும் கருவி பொருத்துங்கள், அடுப்படிக்குப் புதுக்காற்று வரத் தனி வழி விடுங்கள். இதை விட்டுவிட்டு உள்ளே வாசனைத் திரவியம் தெளிப்பதில் பயனில்லை. சிகரெட் வாடை நின்றதும் பழைய பீர், வியர்வை, கழிப்பறை நாற்றமெல்லாம் வெளிப்பட்டதை 2007-லேயே பல பப்புகள் உணர்ந்தன. தரைவிரிப்பைக் கழுவுவதுதான் அதற்கு மருந்து.

சூடேற்ற, காற்றை ஊதும் ஹீட்டர் வேண்டாம். பாதி திறந்த இடத்தில் சூடு அப்படியே பறந்துவிடும். ஆளைச் சூடாக்கும் அகச்சிவப்பு மின் ஹீட்டரும், பத்துப் பதினைந்து நிமிடத்தில் தானாக அணையும் பொத்தானும் போதும். காஸ் ஹீட்டரைத் தாழ்ந்த கேன்வாஸுக்கு அடியில் வைப்பது தீக்கு அழைப்பு.

சிகரெட் துண்டு போடச் சுவரில் பொருத்தும் உலோகப் பெட்டி வையுங்கள். இல்லையென்றால் பூந்தொட்டியில்தான் குத்தி அணைப்பார்கள். அதுதான் எங்களுக்குக் கவலை: தொட்டியில் இருப்பது பல சமயம் மண்ணல்ல, பீட் கலவை, அதாவது சதுப்பு நிலத்தில் செடிகள் மக்கி உருவான, காய்ந்தால் எரியக்கூடிய பொருள். கோடையில் காய்ந்த பீட்டுக்குள் புதைந்த கங்கு சத்தமில்லாமல் கனன்று, கடை பூட்டிய சில மணி நேரம் கழித்து மரச்சட்டத்தைப் பிடிக்கும். பூட்டும் முன் தொட்டிகளில் தண்ணீர் ஊற்றுவதைக் கடைசி வேலைப் பட்டியலில் எழுதிவையுங்கள்.

கொட்டகைக்குத் திட்ட அனுமதி தேவையா என்று கவுன்சிலிடம், அதாவது உள்ளூர் நிர்வாகத்திடம், முன்கூட்டியே கேளுங்கள். மூடிய இடத்தில் புகைக்க விட்டால் நடத்துபவருக்கு 2,500 பவுண்டு வரை அபராதம். புகைத்தவருக்கு உடனடி அபராதம் 50 பவுண்டுதான், நீதிமன்றம் போனால் 200 வரை. பாரம் உங்கள் தோளில்தான் அதிகம். யாராவது உள்ளே பற்றவைத்தால் நிறுத்தச் சொல்லுங்கள். கேட்காவிட்டால் அவருக்கு ஊற்றுவதை நிறுத்துங்கள். அதற்கும் அசையாவிட்டால் வெளியேறச் சொல்லி, தேதியோடு பதிவேட்டில் எழுதுங்கள்.

கேள்வி: பப் வாசலுக்கு எதிரே மாடி வீடு. இரவெல்லாம் சிரிப்பும் கூச்சலும். குழந்தை தூங்குவதில்லை. (வாசகி, ரெடிங்)

முன்பு சத்தம் கடை மூடும்போது ஒரு முறை வந்து போகும். இப்போது சாயங்காலம் தொடங்கி ஐந்தைந்து பேராக மாறி மாறி வருகிறார்கள். வரிசை வீடுகளின் சுவர்களில் மோதி ஒலி மேலே ஏறுகிறது. இரண்டு வாரம் தேதி, நேரம், எத்தனை நிமிடம் என்று குறித்துவையுங்கள். அதை எடுத்துக்கொண்டு முதலில் பப்புக்கே போங்கள், வெள்ளி இரவில் அல்ல, செவ்வாய் மதியத்தில். கேட்க வேண்டிய முதல் மாற்றம்: குறிப்பிட்ட நேரத்துக்கு மேல் குவளையோடு வெளியே வரக் கூடாது. குவளை கையில் இல்லாதவர் ஒரு சிகரெட் முடிந்ததும் உள்ளே போய்விடுவார்; குவளை இருந்தால் அது காலியாகும்வரை நிற்பார். 'அமைதி காக்கவும்' என்ற பலகை மட்டும் எதையும் மாற்றாது, ஓர் ஊழியர் வாசலில் நிற்க வேண்டும். பேசிப் பயனில்லையென்றால் கவுன்சிலின் சுற்றுச்சூழல் சுகாதாரப் பிரிவு. அதற்கும் மேலே, 2003 லைசென்ஸ் சட்டப்படி, பொதுத் தொல்லை என்ற காரணத்தில் உரிமத்தை மறுபரிசீலனை செய்யுமாறு நீங்களே மனுச் செய்யலாம்.

கேள்வி: பப்பில் தடுத்ததால் வீட்டில் குழந்தைகள் முன் அதிகம் புகைத்திருப்பார்களே? (வாசகர், கிளாஸ்கோ)

அப்படித்தான் பலரும் பயந்தார்கள், நடக்கவில்லை. ஸ்காட்லாந்தில் தொடக்கப் பள்ளியின் கடைசி வகுப்புக் குழந்தைகளின் உமிழ்நீரில், நிகோடின் உடலில் சிதைந்து உருவாகும் கோட்டினினைத் தடைக்கு முன்னும் பின்னும் அளந்தார்கள். சராசரி 39 சதவீதம் குறைந்திருந்தது. பெற்றோர் இருவருமே புகைக்காத வீடுகளிலும், அப்பா மட்டும் புகைக்கும் வீடுகளிலும் குறைவு தெளிவாகத் தெரிந்தது. அம்மா புகைக்கும் வீடுகளில் அப்படிச் சொல்லும்படியான மாற்றம் இல்லை. அந்தக் குழந்தைகளை எந்தப் பப் சட்டமும் எட்டாது. அவர்களுக்கு வேண்டியது அம்மாவுக்கு நிறுத்த உதவும் மருத்துவ ஆலோசனையும், அதுவரை ஜன்னலோரம் அல்ல, வீட்டுக்கு வெளியே, கதவைச் சாத்திவிட்டுப் புகைக்கும் பழக்கமும்.