அழுக்குப் படாத பக்கங்கள்: வாசகர் கேள்வி பதில்

திகில் நாவல்களைப் பற்றிப் போன இதழில் எழுதியிருந்தேன். அதற்கு வந்த கடிதங்களில் பெரும்பாலானவற்றில் ஒரே மனக்குறைதான்: ‘முன்பு மாதிரி இல்லை.’ எனக்கும் நெருக்கமான விஷயம் என்பதால் இந்த முறை முழுப் பகுதியும் அதற்கே.

இருபது வருடமாக ஸ்டீபன் கிங் படிக்கிறேன். சமீப காலமாக வாங்கி வாங்கி ஏமாறுகிறேன். சரக்கு தீர்ந்துவிட்டதா?
– வாசகர், மதுரை

தீரவில்லை என்றுதான் நினைக்கிறேன். நான் வேலைக்குச் சேர்ந்த புதிதில் எங்கள் தெருமுனையில் ஒரு வாடகை நூலகம் இருந்தது. அங்கே அவருடைய ‘டாமிநாக்கர்ஸ்’ நாவலை எடுத்தேன். செங்கல் மாதிரி கனம். முதல் 200 பக்கங்களின் ஓரம் விரல் பட்டுப் பட்டுப் பழுப்பேறியிருந்தது. மடித்த மூலைகள், ஒரு இடத்தில் காபிக் கறை. அதற்குப் பிறகு தாள்கள் அச்சகத்திலிருந்து வந்த மாதிரியே வெளுப்பாக இருந்தன. எனக்கு முன்னால் எடுத்துப் போனவர்கள் ஏறக்குறைய எல்லாரும் ஒரே இடத்தில் மூடிவைத்துத் திருப்பிக் கொடுத்திருக்கிறார்கள். நானும் 300ஐத் தாண்டப் பெரும்பாடு பட்டேன்.

வெகுகாலம் கழித்து, 2014இல் ஒரு பேட்டியில் கிங்கே அதை மோசமான புத்தகம் என்று ஒப்புக்கொண்டார். அந்த 700 பக்கத்துக்குள் 350 பக்கத்துக்கு ஒரு நல்ல நாவல் இருக்கலாம் என்றும் சொன்னார். அந்த வாடகைப் பிரதி அதை எப்போதோ சொல்லிவிட்டது.

அதை எழுதிய காலத்தில் அவர் குடியிலும் கோகைனிலும் மூழ்கிக் கிடந்தார். அப்புறம் ஒருநாள் மனைவி டபிதா அவருடைய எழுத்தறைக் குப்பையை ஒரு பையில் அள்ளிவந்து, குடும்பத்தாரும் நண்பர்களும் பார்க்கத் தரையில் கொட்டினார். பீர் டின்கள், சிகரெட் துண்டுகள், கோகைன் குப்பிகள், இருமல் மருந்துப் பாட்டில்கள். அதிலிருந்துதான் அவர் மீளத் தொடங்கினார்.

ஆனால் ‘மிசரி’ வந்ததும் ‘டாமிநாக்கர்ஸ்’ வந்த அதே 1987இல்தான். கால்கள் நொறுங்கிக் கட்டிலில் கிடக்கும் எழுத்தாளன், அவனைப் பூட்டிவைத்துத் தனக்குப் பிடித்த மாதிரி நாவல் எழுதச் சொல்லும் ரசிகை. ஏறக்குறைய முழுக் கதையும் இந்த இரண்டு பேரை வைத்தே நடக்கிறது. ஒரு பக்கத்தைக்கூடத் தள்ளிப் படிக்க முடியாது. 1999இல் சாலையோரம் நடந்து போனவரை வேன் மோதியது. வலி மாத்திரைகளோடு கையாலேயே எழுதிய ‘ட்ரீம்கேட்சர்’ 2001இல் வந்தது. எனக்குப் பிடிக்கவில்லை. அவருக்கும் அதன்மேல் பெரிய பிரியம் இல்லையென்று சொல்லியிருக்கிறார். பிறகு 67 வயதில் ‘ரிவைவல்’ வெளியிட்டார். அதன் கடைசிப் பக்கங்களைப் படித்த இரவு விளக்கை அணைக்க எனக்கு மனம் வரவில்லை. அதனால் கிங் இறங்கிவிட்டார் என்று யாராவது சொன்னால், எந்தப் புத்தகத்தில் என்றுதான் முதலில் கேட்பேன்.

பெரிய பெயர் வந்துவிட்டால் பதிப்பகத்தில் யாரும் கை வைக்க மாட்டார்கள் போலிருக்கிறது. ஆன் ரைஸின் பிற்கால நாவல்களைப் படிக்கும்போது அப்படித்தான் தோன்றியது. சரியா?
– வாசகி, சேலம்

சரிதான். அவருடைய முதல் நாவல் ‘இன்டர்வியூ வித் தி வாம்பயர்’ 1976இல் வந்தது. 1972இல் அவர் தன் சின்ன மகளை ரத்தப் புற்றுநோயில் பறிகொடுத்திருந்தார். அடுத்த வருடம் சில வாரங்களில் எழுதி முடித்த கதை அது. வளரவே முடியாத ஒரு குழந்தை அதில் ரத்தக் காட்டேரியாக வருவாள். அவள் பேசுகிற இடமெல்லாம் நெஞ்சு கனக்கும். பிற்பாடு, தன் வாக்கியங்களில் எந்த எடிட்டரையும் கை வைக்க விடுவதில்லை என்று அவரே வெளிப்படையாகச் சொன்னார். 2004இல், ‘பிளட் கேண்டிகிள்’ நாவலைக் குறை சொன்ன வாசகர்களுக்கு நீண்ட பதில் எழுதினார். எனக்கு அது வருத்தமாக இருந்தது. காசு கொடுத்து வாங்கி, ஒரு தொடரைப் பல வருடம் கூடவே வந்து படித்தவர்கள் சொன்ன குறை அது.

கிங்கின் ‘தி ஸ்டாண்ட்’ 1978இல் வந்தபோது விலை கூடிவிடும் என்று பதிப்பகம் சுமார் 400 தட்டச்சுப் பக்கங்களை எடுக்கச் சொன்னது. 1990இல் அவற்றில் பெரும்பகுதியைத் திரும்பச் சேர்த்து வெளியிட்டார். நான் இரண்டையும் படித்தேன். பழையதையே வைத்துக்கொண்டேன்.

நீங்களும் உங்கள் வயதுக்காரர்களும்தான் மாறிவிட்டீர்கள். பதினேழு வயதில் எதைப் படித்தாலும் பயமாகத்தான் இருக்கும். எழுத்தாளரை ஏன் குறை சொல்கிறீர்கள்?
– வாசகர், திருநெல்வேலி

நியாயமான கேள்வி. அதற்காகவே பழைய பிரதிகளை எடுத்துத் திரும்பப் படித்தேன். சில உண்மையிலேயே வெளிறிப் போயிருந்தன. கிங்கின் ‘பெட் செமட்டரி’ மட்டும் முன்பைவிட அதிகமாகப் பயமுறுத்தியது.

அந்த நாவலில் பட்டம் விடும் அத்தியாயம் ஒன்று உண்டு. லூயிஸ் ஒரு டாக்டர். இரண்டு வயதுகூட நிரம்பாத மகன் கேஜைக் கூட்டிக்கொண்டு பக்கத்து வயலில் பட்டம் விடுகிறான். நூலைப் பையன் கையில் கொடுக்கிறான். மேலே காற்று இழுக்கிற இழுப்பு விரலில் தெரிந்ததும் குழந்தை வாய்கொள்ளாமல் சிரிக்கிறது. அந்தச் சிரிப்பின் நடுவிலேயே, இன்னும் இரண்டு மாதம்கூட இவன் உயிரோடு இருக்கப்போவதில்லை என்று போகிற போக்கில் சொல்லிவிடுகிறார் கிங். பேயும் இல்லை, ரத்தமும் இல்லை. கல்லூரி விடுதியில் படித்தபோது அந்த வரியைச் சாதாரணமாகத் தாண்டிப் போனேன். மகள் பிறந்த பிறகு படித்தபோது புத்தகத்தை மூடிவிட்டு, தூங்குகிற பிள்ளையைப் போய்ப் பார்த்துவிட்டு வந்தேன்.

இதை எழுதிய சமயத்தில் கிங் அமெரிக்காவின் மெய்ன் மாநிலத்தில் ஆரிங்டன் என்ற ஊரில், லாரிகள் பறக்கிற சாலையோரம் வாடகைக்கு இருந்தார். மகளுடைய பூனை அந்தச் சாலையில் அடிபட்டுச் செத்தது. சின்ன மகன் ஒருநாள் சாலையை நோக்கி ஓட, மயிரிழையில் தப்பியிருக்கிறான். அந்த நடுக்கத்தில் எழுதியது. இது வேண்டாம் என்று தானே உள்ளே வைத்துவிட்டு, பதிப்பக ஒப்பந்தத்தை முடிப்பதற்காக 1983இல்தான் வெளியே கொடுத்தார்.

ஆக, வாசகர் மாறுவது உண்மைதான். எனக்கு வயதானதில் இந்தப் புத்தகத்தின் பலம் கூடியிருக்கிறது. பிற்கால நாவல்கள் பலவற்றில் எனக்குக் கிடைக்காமல் போவது அந்த வயல்தான். ஆட்கள் வருகிறார்கள், சாகிறார்கள். அவர்களைப் பிடித்துப் போவதற்குள் அடுத்த ஆள் வந்துவிடுகிறார்.

வி.சி. ஆண்ட்ரூஸின் புதுப் புத்தகங்கள் ஏன் பழையவை மாதிரி இல்லை?
– வாசகி, நாகர்கோவில்

அவர் 1986இலேயே காலமாகிவிட்டார். அதன்பிறகு அந்தப் பெயரில் எழுதி வந்தவர் ஆண்ட்ரூ நைடர்மேன்.

திகில் நாவல் படித்ததே இல்லை. எதில் தொடங்கலாம்? தடித்த புத்தகம் வேண்டாம்.
– வாசகி, தஞ்சாவூர்

ஷெர்லி ஜாக்சனின் ‘தி ஹான்டிங் ஆஃப் ஹில் ஹவுஸ்’. 1959இல் வந்தது. இரண்டு மூன்று நாளில் முடித்துவிடலாம். இருட்டில் ஒரு பெண் தன் தோழியின் கையை இறுகப் பிடித்துக்கொண்டு கிடக்கும் கட்டம் ஒன்று வரும். அதற்குமேல் நான் சொல்லக் கூடாது. அடுத்து ‘மிசரி’ படியுங்கள். வீட்டில் கைக்குழந்தை இருந்தால் ‘பெட் செமட்டரி’யைச் சில வருடம் தள்ளிப்போடுங்கள்.