சிலியில் கச்சுதீத்தோ பறவையைக் கொண்டையை வைத்தே அடையாளம் கண்டுவிடலாமா? படம் எடுக்க என்ன வழி?

சான்டியாகோ போகிறேன், கொண்டை வளைந்த அந்தக் குட்டிப் பறவையைப் பார்க்க வேண்டும் என்று கேட்டிருக்கிறீர்கள். பார்ப்பது சுலபம். ஆனால் கொண்டையை மட்டும் நம்பினால் ஏமாந்துபோவீர்கள். கண்ணின் நிறமும் அலகின் நிறமும்தான் உறுதியான அடையாளம்.

கச்சுதீத்தோவின் அறிவியல் பெயர் அனாயிரீட்டஸ் பாருலஸ். அமெரிக்கக் கண்டங்களின் ஈப்பிடிப்பான் குடும்பத்தைச் சேர்ந்தது. நீளம் சுமார் 11 செ.மீ., எடை சுமார் 6 கிராம். கொலம்பியாவின் தென்பகுதியிலிருந்து ஆண்டீஸ் மலைத்தொடரை ஒட்டியே தென்னமெரிக்காவின் தென்கோடியான தியெர்ரா தெல் ஃபுவேகோ வரை இருக்கிறது. உச்சந்தலையிலிருந்து மெல்லிய கருப்பு இறகுகள் சில எழும்பி, நுனியில் முன்பக்கமாகச் சுருண்டிருக்கும். தொண்டையிலும் மார்பிலும் கருங்கோடுகள், வயிறு வெளிர்மஞ்சள். அலகு முழுக்கக் கருப்பு. கண்மணியைச் சுற்றி வெள்ளை வளையம். நிழலில் இருந்தாலும் பைனாகுலரில் பளிச்சென்று தெரியும்.

கொண்டை ஏன் போதாது? காற்றடித்தால் பின்னால் படிந்துவிடும், அடர்ந்த இலைகளுக்கு முன்னால் கண்ணுக்கே தெரியாது. இளம்பறவைக்குக் கொண்டை குட்டை, கண்ணும் இன்னும் வெளுத்திருக்காது. அந்த நேரத்தில் மார்புக் கோடுகளையும், கூடவே திரியும் பெற்றோரையும் வைத்துத்தான் முடிவு செய்ய வேண்டும்.

மத்திய சிலியில் இரண்டு பறவைகளோடு குழப்பம் வரலாம். ஒன்று ஃபியோ-ஃபியோ. அதற்கும் கொண்டை உண்டு, ஆனால் நடுவில் வெள்ளைத் திட்டு இருக்கும். மார்பில் கோடு கிடையாது, உருவமும் பெரிது. அது வலசைப் பறவை. வசந்தத்தில் வந்து கோடை முடிந்ததும் வடக்கே போய்விடும். கச்சுதீத்தோவோ ஆண்டு முழுக்க அங்கேயே இருக்கும். ஆகவே ஜூன், ஜூலையில் (அங்கே அது குளிர்காலம்) போனால் இந்தக் குழப்பமே இல்லை. இன்னொன்று திஹெரால். அதே புதரில் மேயும், தலையில் கோடுகளும் உண்டு. ஆனால் வால் மிக நீளம், கொண்டை கிடையாது.

அர்ஜென்டினாவின் மேற்குப் பகுதிக்கும் போவதாக இருந்தால் கவனம் கூடுதலாகத் தேவை. அங்கே மஞ்சள் அலகுக் கச்சுதீத்தோ இருக்கிறது. கொண்டை கிட்டத்தட்ட இதே மாதிரிதான். அதற்குக் கண் கருமை, கீழ் அலகின் அடிப்பகுதி மஞ்சள், மார்புக் கோடுகள் அழுத்தமானவை, இறக்கைப் பட்டைகளும் எடுப்பானவை. சிலியில் அதை வடகோடியில், அரிக்கா பக்கம்தான் பார்க்க முடியும். இன்னொரு நெருங்கிய உறவு ராபின்சன் குருசோ தீவில் மட்டுமே வாழ்கிறது. கடற்கரையிலிருந்து சுமார் 670 கி.மீ. தள்ளியிருப்பதால் உங்கள் பட்டியலில் அது வராது.

தேடும்போது பலர் செய்யும் தவறு ஒன்று உண்டு. ஈப்பிடிப்பான் என்றதும் மொட்டைக் கிளை ஒன்றைக் குறிவைத்து, பறவை அங்கே வந்து உட்கார்ந்து பூச்சியைத் துரத்தும் என்று காத்திருப்பார்கள். இது அப்படி வேட்டையாடுவது அரிது. நம் தையல்சிட்டு போலப் புதருக்குள்ளேயே தாவித் தாவி இலைகளில் இருக்கும் பூச்சிகளைக் கொத்தும். இடையிடையே ஒரு நொடி அந்தரத்தில் நின்று இலையின் அடிப்பக்கத்திலிருந்தும் எடுக்கும். பெரும்பாலும் ஜோடியாகவோ சிறு குடும்பமாகவோ இருக்கும். ஒன்றைப் பார்த்தால் அசையாமல் நில்லுங்கள், இன்னொன்று பின்னாலேயே வரும்.

காதுதான் முதலில் உதவும். மெல்லிய, வறண்ட, கீழிறங்கும் நடுக்கொலி. இந்த ஈப்பிடிப்பான் குடும்பத்தில் ஆராயப்பட்ட இனங்களில் பாட்டு பெரும்பாலும் பிறவியிலேயே வருகிறது, கேட்டுப் பழகுவதில்லை. அதனால் ஒரு பகுதியின் பதிவை நன்றாகக் கேட்டு மனதில் வாங்கிக்கொண்டால், அந்தப் பகுதி முழுக்கக் கை கொடுக்கும்.

இடம்: லா கம்பானா தேசியப் பூங்கா (1834 ஆகஸ்டில் டார்வின் ஏறிய மலை இங்கேதான் இருக்கிறது), சான்டியாகோவுக்குத் தென்கிழக்கே ரியோ கிளாரியோ. எஸ்பினோ முள்மரமும் குத்துச்செடிகளும் கலந்த திறந்த சரிவுகளைத் தேர்ந்தெடுங்கள். காலையிலேயே போய்விடுங்கள், பிற்பகல் காற்றில் பறவை புதரின் உள்ளே போய்விடும்.

படத்துக்கு 400 மி.மீ. லென்ஸ் போதும், அசையாமல் நின்றால் 5 மீட்டர் அருகே தானாகவே வரும். ஷட்டர் 1/1600 அல்லது வேகமாக. தானியங்கிக் கண்-ஃபோகஸ் முன்னால் இருக்கும் குச்சியைப் பிடித்துக்கொள்ளும். ஒற்றைப் புள்ளிக்கு மாற்றிக் கண்ணில் வையுங்கள். முழு ஃபிரேம் கேமராவில் 5 மீட்டரில் எஃப்/5.6 வைத்தால் கூர்மையாக விழும் ஆழம் சுமார் 5 செ.மீ.தான். பறவை பக்கவாட்டில் திரும்பும்போது அழுத்தினால்தான் அலகு, கண், கொண்டை, வால் எல்லாம் தெளிவாக வரும். பின்னணி தூரத்தில் இருக்கும் கோணத்தைப் பிடியுங்கள். இலைகள் ஒட்டியிருந்தால் அந்த மெல்லிய கொண்டை இறகுகள் படத்தில் கரைந்துவிடும்.

செப்டம்பர் முதல் டிசம்பர் வரை கூடு கட்டும் காலம். தாழ்ந்த புதரில் சிறிய கிண்ணக் கூடு, உள்ளே இறகு மெத்தை, இரண்டு மூன்று முட்டைகள். அப்போது ஒலிப்பதிவைப் போட்டு அழைக்கவே கூடாது. இரை தேட வேண்டிய நேரத்தை இல்லாத எதிரியை விரட்டுவதில் செலவழிக்கும், கூடு கவனிப்பாரற்றுக் கிடக்கும்.

புதருக்குள் நீங்களும் நுழையாதீர்கள். அதே சரிவுகளில் லித்ரே என்ற மரம் நிறைய உண்டு. நம் ஊர்ச் சேங்கொட்டையின் குடும்பம். தொட்டால் சிலருக்குத் தோல் சிவந்து கொப்புளிக்கும், அதுவும் உடனே தெரியாது. இலை விறைப்பாக, ஓரம் அலையலையாக, நரம்புகள் மஞ்சளாக இருக்கும். முழுக்கைச் சட்டை போட்டுக்கொண்டு பாதையிலேயே நில்லுங்கள்.