தண்ணீர் போன வழி

அன்புள்ள ஆசிரியருக்கு,

நான் நான்கு ஆண்டுகளாக ஜெர்மனியில், ஸ்டுட்கார்ட்டில் வேலை பார்க்கிறேன். விடுமுறை நாட்களில் தெற்கே ஷ்வேபிஷே ஆல்ப் மலைப்பகுதிக்கு ரயிலேறிவிடுவது வழக்கம். பாட் ஊராக், நொய்ஃபன் கோட்டை, லிஷ்டன்ஸ்டைன் கோட்டை என்று பதினைந்து பாறை முனைகளிலாவது நின்றிருப்பேன். முதல் வருடம் ஒவ்வொன்றும் பரவசமாக இருந்தது. இப்போது எங்கே நின்றாலும் அதே காடு, அதே பள்ளத்தாக்கு, அதே சிவப்பு ஓட்டுக்கூரைகள். ஐந்து நிமிடத்தில் படம் எடுத்துக்கொண்டு திரும்பிவிடுகிறேன். குகைகளும் அப்படித்தான். விளக்கு போட்ட சுண்ணாம்புத் தூண்கள், ஒரு கரடி எலும்புக்கூடு, அவ்வளவுதான். வேறு மலைக்குப் போகலாம் என்கிறாள் மனைவி. எனக்கோ குறை என்னிடம்தான் என்று படுகிறது. நீங்கள் அந்தப் பகுதியில் சில நாட்கள் நடந்ததாக முன்பு எழுதியிருந்தீர்கள். நீங்கள் அங்கே என்ன பார்த்தீர்கள்?

கே.

அன்புள்ள கே.,

உங்களிடம் குறை இல்லை. பாறை முனைகளைத் தனியாகவும் குகைகளைத் தனியாகவும் பார்த்திருக்கிறீர்கள். அங்கே இரண்டையும் செய்தது தண்ணீர். அது உங்கள் கடிதத்தில் எங்குமே வரவில்லை.

எனக்கும் அது முதலில் தெரியாது. அக்டோபரில் போயிருந்தேன். பாட் ஊராக்குக்கு மேலே ஒரு பாறை விளிம்புக்கு ஏறிச் சேர்ந்தபோது மூடுபனி. கைப்பிடிக் கம்பிக்கு அப்பால் ஒன்றுமே இல்லை. கீழே எங்கோ கோயில் மணி அடித்தது, ஒரு லாரி கியர் மாற்றியது. ஒரு மணி நேரம் காத்திருந்தும் பனி விலகாததால் விளிம்பை விட்டு மேட்டுநிலத்துக்குள் நடக்க ஆரம்பித்தேன். பீச் மரக்காடு, புல்வெளி, வயல், மறுபடி காடு. மாலையில்தான் உறைத்தது, நாள் முழுக்க நடந்தும் ஒரு ஓடையைக்கூடத் தாண்டவில்லை. அத்தனை பசுமை, அத்தனை மழை பெய்யும் நாடு, ஆனால் ஒரு சிறு பாலம்கூட வழியில் இல்லை.

அந்த மேட்டு ஊர்களில் பழைய குளங்கள் உண்டு. ஹ்யூலே என்பார்கள். ட்ஸைனிங்கனில் ஊர் நடுவிலேயே ஒன்றைப் பார்க்கலாம், ஹ்யூல்பன் என்ற ஊருக்குப் பெயரே அதிலிருந்து வந்ததுதான். நம் ஊருணியேதான் அது. மழைநீர் தரைக்குள் இறங்கிவிடாதபடி அடியில் களிமண் பூசித் தேக்கியது. மாட்டுக்கும் மனிதருக்கும் அந்த ஒரே நீர். கோடையில் அதுவும் வற்றினால் பள்ளத்தாக்குக்கு வண்டி கட்டிப் போய்ப் பீப்பாயில் கொண்டுவர வேண்டும். கார்ல் ஏமான் என்ற பொறியாளர், ஆற்றின் விசையாலேயே பம்புகளை ஓட்டி, பள்ளத்தாக்கு ஊற்றுநீரை மேலே ஏற்றும் திட்டத்தைக் கொண்டுவந்தார். 1871-ல் முதன்முதலாக யுஸ்டிங்கன், இங்ஸ்டெட்டன், ஹௌசன் ஆகிய மூன்று ஊர்களுக்குக் குழாய்நீர் வந்தது. அந்த முதல் நீரைக் குடித்தவர்களை நினைத்தபடி அந்தப் பக்கம் நடந்தேன். கோட்டைகளைவிட எனக்கு அந்தப் பம்பு பெரிதாகத் தெரிந்தது.

அப்படியானால் பெய்யும் மழையெல்லாம் எங்கே போகிறது? கீழே. சுமார் 15 கோடி ஆண்டுகளுக்கு முன் அது ஒரு வெதுவெதுப்பான கடல். அடியில் சுண்ணாம்பு படிந்தது, நடுநடுவே கடற்பஞ்சுகள் திட்டுத்திட்டாக வளர்ந்து மேடுகளாயின. படிவாக அமைந்த சுண்ணாம்பு அடுக்கடுக்காகப் பிளந்து உதிரும். கடற்பஞ்சு மேடுகள் ஒரே கட்டியாக இறுகியவை, எளிதில் உதிர்வதில்லை. நீங்கள் நின்ற முனைகளில் பெரும்பாலானவை அந்த மேடுகள்தான். கடலடியில் நின்றுகொண்டு காட்டைப் பார்த்திருக்கிறீர்கள். மழைநீர் காற்றிலும் மண்ணிலும் உள்ள கரியமில வாயுவைக் கரைத்துக்கொண்டு மெல்லிய அமிலமாகிறது, பாறை விரிசலில் இறங்கிச் சுண்ணாம்பைக் கரைத்துக்கொண்டே போகிறது. மேலே இல்லாத ஆறுகளெல்லாம் உள்ளே ஓடுகின்றன.

இதைக் கண்ணால் பார்க்க இம்மெண்டிங்கனுக்குப் போங்கள். டானூப் ஆறு அங்கே தன் படுகையிலேயே வடிந்து மறைகிறது. வருடத்தில் பல மாதங்கள் வெறும் கூழாங்கல்தான், நடந்தே கடக்கலாம். அந்த நீர் எங்கே போகிறது என்று தெரிந்துகொள்ள 1877-ல் அடோல்ஃப் க்னோப் என்ற பேராசிரியர் ஒரு சோதனை செய்தார். 20 டன் உப்பையும் 10 கிலோ பச்சைச் சாயத்தையும் தார்வாடை அடிக்கும் எண்ணெயையும் ஆற்றின் துளைகளில் கொட்டினார். ஏறக்குறைய 60 மணி நேரத்துக்குப் பின், 12 கி.மீ. தெற்கே ஆக்டோப்ஃப் என்ற ஊற்றில் நீர் பச்சையாக ஒளிர்ந்தது, உப்புக் கரித்தது, தார் மணத்தது. ஆக்டோப்ஃபின் நீர் போடன்சே ஏரி வழியாக ரைனில் சேர்ந்து வடகடலுக்குப் போகிறது. கருங்கடலுக்குப் போக வேண்டிய நதியின் ஒரு பங்கு மலைக்கடியில் கட்சி மாறிவிடுகிறது. இந்த நீர் யாருக்கு என்று வ்யூர்ட்டெம்பெர்க், பாடன் மாநிலங்களிடையே வழக்கு நடந்து 1927-ல் நீதிமன்றம்வரை போனது. காவிரியைப் பேசிப் பேசி வளர்ந்தவனுக்கு அது தூரத்துச் செய்தியாகப் படவில்லை.

அடுத்து ப்ளௌபாய்ரன். அங்குள்ள ஊற்றின் பெயர் ப்ளௌடோப்ஃப், நேர்ப்பொருளில் நீலப்பானை. சுமார் 21 மீட்டர் ஆழம். தண்ணீர் சிவப்பொளியை விழுங்கிக்கொள்ள, அதில் மிதக்கும் நுண்ணிய சுண்ணாம்புத் துகள்கள் நீலத்தைச் சிதறடிக்கின்றன. அதன் அடியில் ஒரு நீர்மங்கை இருக்கிறாள், ஆழம் பார்க்க இறக்கும் ஈயக்குண்டை எடுத்துக்கொள்கிறாள் என்று அந்த ஊர்க் கதை. யோஹென் ஹாசன்மையர் என்ற குகை முக்குளிப்பாளர் 1985-ல் தனியாக அதில் இறங்கி, நீருக்கடியிலேயே ஒரு கிலோமீட்டருக்கும் மேல் நீந்தி, காற்று நிறைந்த ஒரு மாபெரும் மண்டபத்தில் தலைதூக்கினார். அதுவரை எந்த மனிதக் கண்ணும் படாத இடம். நான்கு ஆண்டுகள் கழித்து வேறொரு ஏரியில் நடந்த விபத்தில் அவருக்கு நடக்க முடியாமல் போனது. அதற்குப் பிறகு சிறிய நீர்மூழ்கிக் கலம் ஒன்றை உருவாக்கி மறுபடியும் அதே நீலத்துக்குள் இறங்கினார். இன்று அந்தக் குகை 15 கி.மீ-க்கு மேல் அளக்கப்பட்டிருக்கிறது. அந்தக் கரையில் நான் நெடுநேரம் இருந்தேன். எழுந்து வர மனமில்லை.

ப்ளௌபாய்ரனில் இன்னொன்றையும் கவனியுங்கள். அத்தனை அகலமான பள்ளத்தாக்கில் ஓடுவது ஒரு சிற்றாறு. குழந்தை அப்பாவின் சட்டையைப் போட்டதுபோல இருக்கும். அந்தப் பள்ளத்தாக்கை வெட்டியது டானூப். பல லட்சம் ஆண்டுகளுக்கு முன் அது அவ்வழியாகத்தான் ஓடியது, பிறகு தெற்கே விலகிப்போய்விட்டது. ஆறு ஆழமாக வெட்ட வெட்ட மலைக்குள் ஓடிய நீரும் கீழே இறங்கியது. அது விட்டுப்போன வெற்றுச் சுரங்கங்கள்தான் பள்ளத்தாக்கின் ஓரங்களில் நீங்கள் பார்க்கும் குகைகள்.

தண்ணீர் காலி செய்த வீட்டில் மனிதன் வந்து குடியேறினான். ஷெல்க்லிங்கன் பக்கத்தில் ஹோலே ஃபெல்ஸ் குகை இருக்கிறது. 2008-ல் அங்கே மாமூத் என்ற, அழிந்துபோன யானையினத்தின் தந்தத்தில் செதுக்கிய ஆறு சென்டிமீட்டர் பெண் உருவம் கிடைத்தது. வயது 35,000 ஆண்டுகளுக்கும் மேல். தலை இருக்க வேண்டிய இடத்தில் ஒரு சின்ன வளையம், கயிற்றில் கோத்து யாரோ அணிந்திருக்கலாம். அதே குகையில், அதே ஆண்டில், பாறுக் கழுகின் இறக்கை எலும்பில் ஐந்து துளையிட்ட புல்லாங்குழலும் கிடைத்தது. பிரதி ஒன்றில் வாசித்த ஒலிப்பதிவைக் கேட்டேன். மெல்லிய, மூச்சு கலந்த குரல். வெளியே பனியுகம், மரமில்லாத புல்வெளி, மாமூத் மந்தைகள். உள்ளே ஒருவர் எலும்பில் துளையிட்டு, அடுத்த துளை எங்கே வரவேண்டும் என்று காதால் அளந்துகொண்டிருக்கிறார். என் கண் நிறைந்துவிட்டது. அதைச் சொல்ல எனக்குக் கூச்சமில்லை.

அதே மலைப்பகுதியின் லோனே பள்ளத்தாக்கில் 1939 ஆகஸ்ட் 25 அன்று, போர் தொடங்க ஒரு வாரம் இருக்கையில், ஒரு குகையின் உட்பகுதியில் தந்தத் துண்டுகள் பல கிடைத்தன. அகழாய்வு அத்தோடு நின்றது. துண்டுகள் பெட்டிக்குள் போயின. 1969-ல்தான் யோஆகிம் ஹான் என்ற தொல்லியலாளர் அவற்றை ஒட்டிப் பார்த்தார். மனித உடலும் சிங்கத்தலையும் கொண்ட, 31 சென்டிமீட்டர் உயர உருவம் எழுந்தது. உங்களுக்கு உடனே நரசிம்மர் நினைவு வரும், எனக்கும் வந்தது. அந்த ஒப்பீட்டை அங்கேயே விட்டுவிடுங்கள். அவர்களுடைய கடவுளோ கனவோ என்னவோ, அதற்கு நம் பெயரை வைக்க வேண்டாம். உல்ம் அருங்காட்சியகத்தில் அதன் முன்னால் சும்மா நில்லுங்கள், போதும். அப்பகுதியின் ஆறு குகைகள் 2017-ல் யுனெஸ்கோ பட்டியலில் சேர்ந்தன.

இவையெல்லாம் பார்த்த பிறகு விளிம்புக்குப் போங்கள். அந்த விளிம்பு நகர்ந்துகொண்டிருக்கிறது. ஸ்டுட்கார்ட் விமான நிலையத்துக்கு அருகே ஷார்ன்ஹௌசனில் ஒரு பழைய எரிமலைக் குழாய் இருக்கிறது. அதனுள் சிக்கிய கற்களில் மேட்டுநிலத்தின் வெண்சுண்ணாம்புத் துண்டுகளும் உண்டு. அந்த எரிமலை வெடித்தபோது, சுமார் 1.7 கோடி ஆண்டுகளுக்கு முன், மேட்டுநிலம் அதுவரை நீண்டிருந்தது என்று பொருள். இன்று விளிம்பு அங்கிருந்து இருபது கிலோமீட்டருக்கு மேல் தள்ளிப்போயிருக்கிறது. மலை எப்படிப் பின்வாங்குகிறது என்பதற்கு மோஸ்ஸிங்கன் சாட்சி. 1983 ஏப்ரல் 12 அன்று, தொடர்மழைக்குப் பின், அங்கே ஒரு சரிவு காட்டோடு பெயர்ந்து இறங்கியது. வெளுத்த முகம் இன்றும் தெரிகிறது, கீழே புதுக்காடு வளர்ந்திருக்கிறது.

இரண்டு வேண்டுகோள். பாறைத் தலைகளில் பாதையை விட்டு விலகாதீர்கள். பனியுகத்திலிருந்து தப்பிவந்த செடிகள் சில அந்த ஒட்டுமண்ணில்தான் பிழைத்திருக்கின்றன. வசந்தத்தில் வல்லூறுகள் கூடுகட்டும் பாறைகளை அடைத்திருப்பார்கள், அந்தப் பலகையை மதியுங்கள். பூச்சிமருந்தால் அவை அழியும் நிலைக்கு வந்தபோது, 1965-ல் அங்கே ஒரு குழுவே திரண்டு கூடு கூடாகக் காவலிருந்து மீட்டெடுத்த பறவை அது. குகைகளோ அக்டோபர் முதல் மார்ச் வரை வௌவால்களுடையவை. ஃபால்கன்ஸ்டைன் குகை போல உள்ளே ஆறு ஓடும் குகைகளில் மழை வாடை இருந்தால் வாசலோடு நின்றுவிடுங்கள், நுழைந்த வழி நீரில் மூடிக்கொள்ளும்.

வேறு மலைக்குப் போகலாம் என்ற உங்கள் மனைவியையும் அழைத்துக்கொண்டு, நல்ல மழை பெய்த மறுநாள் ப்ளௌடோப்ஃபுக்குப் போங்கள். அன்று நீலம் இருக்காது. படமெடுக்க வந்தவர்கள் முகம் சுளித்துத் திரும்பிக்கொண்டிருப்பார்கள். பானை மஞ்சளாக, கலங்கலாகப் பொங்கிக்கொண்டிருக்கும். அது நீங்கள் நடந்த மேட்டு வயல்களின் மண். எப்படி இருந்தது என்று எழுதுங்கள்.

அன்புடன்.