பவர் கண்ணாடி, கூலிங் கிளாஸ் அணிந்தபடி மின்னணு வியூஃபைண்டரில் பார்ப்பது ஏன் சிரமமாக இருக்கிறது?

கண்ணாடி அணிந்து பார்த்தால் வியூஃபைண்டரின், அதாவது கேமராவில் கண்ணை வைத்துப் பார்க்கும் சிறு திரையின், ஓரங்கள் தெரிவதில்லை என்றும், கூலிங் கிளாஸ் அணிந்தால் சில சமயம் திரையே கறுத்துவிடுகிறது என்றும் எழுதி, இது கேமராவின் குறையா, கண்ணின் குறையா என்று கேட்டிருக்கிறீர்கள். இரண்டின் குறையும் அல்ல. ஓரம் மறைவதற்குக் காரணம் தூரம். திரை கறுப்பதற்குக் காரணம் ஒளி வடிகட்டப்படும் விதம். இவை வேறு வேறு சங்கதிகள் என்பதால் தீர்வுகளும் வேறு. எனக்கு வலக்கண்ணில் மைனஸ் 3 பவரும், விழி வளைவின் சீரின்மையைத் திருத்தும் 1.25 சிலிண்டர் பவரும் உண்டு. பறவைகளைப் படமெடுப்பதால் விடியலிலிருந்து நண்பகல் வரை வியூஃபைண்டரிலேயே கண்ணை வைத்திருக்கும் பழக்கமும் உண்டு. அந்த அனுபவத்திலிருந்து எழுதுகிறேன்.

முதலில் தூரத்தைப் பார்ப்போம். வியூஃபைண்டரின் முழுப் படமும் நான்கு மூலைகளோடு தெரிய வேண்டுமானால், கண் அதிகபட்சம் எவ்வளவு தள்ளி இருக்கலாம் என்பதற்கு ‘ஐ பாயின்ட்’ என்று பெயர். ஒவ்வொரு கேமராவின் விவரப் பட்டியலிலும் இது மில்லிமீட்டரில் இருக்கும். வாங்குபவர்கள் பெரும்பாலும் கவனிக்காத எண்ணும் இதுதான். 2018-இல் வந்த நிக்கான் இசட் 6-இல் இது 21 மி.மீ.; அதே ஆண்டின் சோனி ஆல்ஃபா 7 III-இல் 23 மி.மீ. ஆனால் இவை வியூஃபைண்டரின் லென்ஸிலிருந்து அளந்தவை. அந்த லென்ஸ் சற்று உள்ளே குழிந்து இருப்பதால், வெளிச் சட்டத்திலிருந்து அளந்தால் சோனியின் 23 மி.மீ. 18.5 ஆகச் சுருங்குகிறது. மூக்கின் மேல் அமரும் கண்ணாடிக்கும் கண்ணுக்கும் இடையே வழக்கமாக 12 முதல் 14 மி.மீ. இருக்கும். கண்ணாடியின் தடிமன் இரண்டு மி.மீ. என்று கொண்டால் ஏறக்குறைய 16 ஆகிவிடுகிறது. மீதமிருக்கும் இரண்டரை மி.மீ. இடத்தில் ஐகப் என்னும், வியூஃபைண்டரைச் சுற்றியுள்ள ரப்பர் விளிம்பு வேறு புடைத்து நிற்கிறது. மூலைகள் மறையாமல் என்ன செய்யும்?

இது மின்னணு வியூஃபைண்டரோடு பிறந்த சிக்கலும் அல்ல. ஃபிலிம் காலத்திலேயே, 1982-இல், நிக்கான் எஃப் 3 ஹெச்.பி. என்ற கேமரா 25 மி.மீ. ஐ பாயின்ட்டோடு வந்தது, அந்த ‘ஹெச்.பி.’ என்பதே ‘ஹை ஐ பாயின்ட்’ என்பதன் சுருக்கம். அதற்குக் கொடுத்த விலை, படம் சற்றுச் சிறிதாகத் தெரிந்தது. இன்றைய மின்னணு வியூஃபைண்டரில் இதையே ஒரு மெனுத் தேர்வால் செய்துகொள்ளலாம் என்பது எனக்குப் பெரிய நிம்மதி. சோனி, கேனான், நிக்கான் ஆகியவற்றின் அண்மைக்கால மாடல்கள் பலவற்றில் வியூஃபைண்டர் படத்தைச் சிறிதாக்கிக் காட்டும் அமைப்பு இருக்கிறது. படம் கொஞ்சம் சுருங்கும். ஆனால் மூலையில் நீட்டிக்கொண்டிருக்கும் கிளையும், அடியில் ஓடும் ஷட்டர் வேக எண்களும் கண்ணை உருட்டாமலே தெரியும்.

கண்ணாடியைக் கழற்றிவிட்டு, வியூஃபைண்டரை நம் கண்ணின் பவருக்கேற்ப மாற்றும் டையாப்டர் சக்கரத்தைத் திருப்பிக்கொள்ளலாமே என்று பலர் சொல்வார்கள். மைனஸ் 4 வரை பல கேமராக்களில் இடமுண்டு என்பதால் என் பவருக்கு அது எட்டும். ஆனால் சிலிண்டர் பவரை அந்தச் சக்கரம் திருத்தாது. அதைவிட முக்கியமானது, கண்ணாடியில்லாமல் பறவை எந்தக் கிளையில் இருக்கிறது என்றே எனக்குத் தெரியாது. ஆகவே கண்ணாடியோடே சக்கரத்தை அமைக்கிறேன். அப்போது படத்தைப் பார்த்து அமைக்கக் கூடாது, ஏனெனில் படமே ஃபோகஸ் இல்லாமல் இருக்கலாம். திரையிலுள்ள எண்களைப் பார்த்து, அவை கூர்மையாகும்வரை திருப்ப வேண்டும். மேலே தூரப் பார்வைக்கும் கீழே வாசிப்புக்குமாகப் பவர் மாறும் புரோகிரசிவ் கண்ணாடி அணிபவர்கள் மேல்பகுதி வழியாகப் பார்த்து அமைப்பது நல்லது. தலையைச் சற்று நிமிர்த்தினாலே கண் வாசிப்புப் பகுதிக்கு இறங்கி, எண்கள் மங்கிவிடும்.

இனி கூலிங் கிளாஸ். பழவேற்காடு ஏரியில் ஒருமுறை படகிலிருந்து பூநாரைகளைப் படமெடுத்துக்கொண்டிருந்தேன். நீரின் கூச்சம் தாங்காமல் பவர் போட்ட போலரைஸ்டு கண்ணாடி அணிந்திருந்தேன். கேமராவைக் கிடைமட்டமாகப் பிடித்திருந்தவரை எல்லாம் சரியாக இருந்தது. கழுத்தை நீட்டி நின்ற ஒரு பறவைக்காகக் கேமராவைச் செங்குத்தாகத் திருப்பியதும், யாரோ விளக்கை அணைத்ததுபோல் வியூஃபைண்டர் இருண்டது. பேட்டரி தீர்ந்துவிட்டது என்றே நினைத்தேன். திரும்பக் கிடைமட்டமாக்கியதும் படம் வந்துவிட்டது.

எல்.சி.டி. திரையிலிருந்து வரும் ஒளி ஒரே தளத்தில் அதிர்வது. போலரைஸ்டு கண்ணாடியும் ஒரு தளத்து ஒளியை மட்டுமே விடும். இரண்டு தளங்களும் ஒன்றியிருந்தால் படம் தெரியும். 45 பாகை சாய்ந்தால் வெளிச்சம் பாதியாகும். 90 பாகையில் ஏதும் வராது. எந்தப் பிடிப்பில் கறுக்கும் என்பது கேமராவுக்குக் கேமரா மாறும். ஓ.எல்.இ.டி. திரை தானே ஒளிர்வது என்பதால் இயல்பில் இந்தச் சிக்கல் அதற்கு இல்லை. ஆனால் பிரதிபலிப்பைக் குறைக்க அதன்மேல் போலரைசர் தாள் ஒட்டியிருந்தால் அதுவும் கறுக்கும். கண்ணாடியைக் கையில் பிடித்து, வியூஃபைண்டருக்கு முன்னால் மெல்லச் சுழற்றிப் பார்த்தால் அரை நிமிடத்தில் தெரிந்துவிடும்.

கறுக்காத கேமராவிலும் ஓர் ஆபத்து இருக்கிறது. கடற்கரைக்கும் வெயிலுக்கும் விற்கும் மூன்றாம் வகைக் கூலிங் கிளாஸ், வரும் ஒளியில் 8 முதல் 18 சதவீதத்தை மட்டுமே உள்ளே விடும். நீங்கள் அதை அணிந்திருப்பது கேமராவுக்குத் தெரியாது. படம் இருட்டாக இருப்பதாக எண்ணி எக்ஸ்போஷரை, அதாவது படத்தில் பதியும் ஒளியின் அளவை, ஏற்றிவிடுவோம். வீட்டுக்கு வந்து பார்த்தால் வெள்ளைக் கொக்கின் சிறகில் ஓர் இறகுகூடத் தனியாகத் தெரியாது. அப்படி ஒரு காலைப்பொழுது முழுவதையும் நான் இழந்திருக்கிறேன். கூலிங் கிளாஸோடு பார்த்துத்தான் ஆக வேண்டுமென்றால் கண்ணை நம்பாமல், படத்தின் வெளிச்சப் பரவலை வரைபடமாகக் காட்டும் ஹிஸ்டோகிராமையும், அளவுக்கு மீறி வெளுக்கும் இடங்களில் தோன்றும் ஸீப்ரா கோடுகளையும் நம்புங்கள்.

இப்போது நான் சாதாரணப் பவர் கண்ணாடியின் மேல், மேலே மடக்கக்கூடிய கறுப்புக் கிளிப்பை மாட்டிக்கொள்கிறேன். படகில் போகும்போது இறக்கிவிடுவேன். கேமராவைத் தூக்கும்போது ஒரு விரலால் மடக்கிவிடுவேன். மடக்காமல் பார்த்தால் கிளிப்பும் இரண்டு மூன்று மி.மீ. தூரத்தைக் கூட்டிவிடும். கண்ணாடிக்கும் ஐகப்புக்கும் நடுவே பக்கவாட்டில் புகும் வெயிலை விளிம்புள்ள தொப்பியும் இடது உள்ளங்கையும் தடுத்துவிடுகின்றன.

கேமரா வாங்கப் போகும்போது அன்றாடம் அணியும் கண்ணாடியையே அணிந்து போங்கள். கூலிங் கிளாஸையும் கையோடு எடுத்துச் செல்லுங்கள். நான்கு மூலைகளும் ஒரே பார்வையில் தெரிகின்றனவா, கண்ணை அருகே கொண்டுபோனதும் சென்சார் கண்ணாடியை உணர்ந்து வியூஃபைண்டரை இயக்குகிறதா, ஐகப்பின் விளிம்பில் கண்ணாடியைக் கீறும் கடினமான பிளாஸ்டிக் இருக்கிறதா என்று பாருங்கள். கடைசியாக, கூலிங் கிளாஸை அணிந்துகொண்டு கேமராவை ஒருமுறை செங்குத்தாகவும் திருப்பிப் பாருங்கள்.