பழைய அலுமினியப் படகை வீட்டிலேயே சரி செய்ய முடியுமா, பைபர் பூசினால் போதுமா?

காயலான் கடையில் 12 அடி அலுமினியப் படகு ஒன்று மலிவாக வருகிறது, ஆங்காங்கே ஒழுகுகிறது, 25,000 ரூபாய்க்குள் வீட்டிலேயே முடித்துவிடலாமா, மேலே பைபர் (கண்ணாடி இழைத் துணியும் ரெசின் பசையும்) பூசிவிட்டால் போதாதா என்று கேட்டிருக்கிறீர்கள்.

முடியும். பைபர் மட்டும் வேண்டாம்.

எங்கள் பக்கம் (தேவிபட்டினத்துக்கும் திருப்பாலைக்குடிக்கும் நடுவில் என் ஊர்) மர வல்லத்துக்கெல்லாம் பைபர் போர்த்திப் பழகிவிட்டதால், யாரிடம் கேட்டாலும் அதைத்தான் சொல்வார்கள், என்னிடமும் சொன்னார்கள். மரத்தில் ரெசின் ஊறிப் பிடிக்கும். அலுமினியத்தில் ஊற இடமில்லை, அதோடு வெயிலில் தகடு விரிகிற அளவு வேறு, பைபர் விரிகிற அளவு வேறு, ஓரம் மெல்ல உரிந்துகொண்டே வரும். உரிந்த இடுக்கில் உப்புத் தண்ணீர் போய் உட்கார்ந்துவிட்டால் தகடு உள்ளுக்குள்ளேயே அரிபடும், ஓட்டை விழுந்த பிறகுதான் உங்களுக்குத் தெரியும்.

என் படகும் 12 அடி, ரிவெட் (தகடுகளைச் சேர்த்துப் பிடிக்கிற ஆணி) அடித்தது. எடைக்குத்தான் வாங்கினேன், 68 கிலோ, கிலோ 140 ரூபாய், ஆக 9,520. வாங்கும்போது அணியத்திலிருந்து (முன்முனை) பின்பலகை வரை நல்லாத்தான் இருந்தது. வீட்டில் கொண்டுவந்து மிதப்புக்காக அடித்தளத்தில் அடைத்திருந்த ஸ்பாஞ்சைப் பிய்த்த பிறகுதான் விஷயம் தெரிந்தது. ஸ்பாஞ்ச் முழுக்க உப்புத் தண்ணீர், அதன் அடியில் வெள்ளை மாவு, மாவைச் சுரண்டினால் குழி. ஒரு இடத்தில் குழிகள் வரிசையாக, பாசி கோத்த மாதிரி. அந்த வரிசை எப்படி வந்தது என்று ரெண்டு நாள் யோசித்தேன். வலை கிடந்த இடம். வலையின் ஈயமணிகள் கிடந்து கிடந்து ஒவ்வொன்றும் தனக்கு அடியில் ஒரு குழி போட்டிருக்கிறது.

இது பிடிபட்டால் பாதி வேலை முடிந்த மாதிரி. அலுமினியத்தைக் கடல் நேரடியாகத் தின்பதில்லை, அதன் மேல் தானாகப் படிகிற மெல்லிய ஆக்சைடு படலம் காப்பாற்றிவிடும். ஆனால் உப்புத் தண்ணீர் நனைத்த நிலையில் ஈயமோ செம்போ பித்தளையோ இரும்போ அதைத் தொட்டுக்கொண்டிருந்தால் ஒரு பேட்டரி மாதிரி ஆகிவிடும், அதில் கரைவது எப்போதும் அலுமினியம்தான். இன்னொன்று, காற்றே படாமல் ஈரம் தேங்கி நிற்கிற இடம். அலுமினியச் சட்டியில் புளிக்குழம்பை ராத்திரி முழுக்க விட்டால் அம்மா ஏன் திட்டுவார் என்று தெரியுமல்லவா, ஏறக்குறைய அதே கதை. என் படகில் பித்தளை வடிகால் மூடியைச் சுற்றி விரல் நுழைகிற அளவுக்கு அரித்திருந்தது, மூடி மட்டும் புத்தம் புதிதாக மின்னியது.

அதனால் முதல் வேலை காசில்லாத வேலை. அலுமினியம் அல்லாத எல்லாவற்றையும் கழற்றுங்கள். ஸ்பாஞ்ச், மட்கிய பலகை, பழைய வயர், கொக்கி எல்லாம். பிறகு எலுமிச்சையோ வினிகரோ கலந்த தண்ணீரால் தேய்த்து நல்ல தண்ணீரில் அலசுங்கள். தேய்க்க சாதாரண இரும்பு பிரஷ் கூடாது, இரும்புத் துணுக்கு தகட்டில் பதிந்து புதிதாக அரிப்பைத் தொடங்கும், ஸ்டெயின்லெஸ் பிரஷ் வாங்குங்கள். பழைய பெயின்ட் சீக்கிரம் உரியட்டும் என்று காஸ்டிக் சோடா ஊற்றிவிடாதீர்கள், அது பெயின்டோடு படகையும் சேர்த்துக் கரைக்கும். சுண்ணாம்பும் ஆகாது.

அடுத்து ஒழுகல். படகைத் தண்ணீரில் இறக்கிப் பார்க்காதீர்கள், தண்ணீரைப் படகுக்குள் ஊற்றுங்கள், வெளியே எங்கே முத்து கட்டுகிறது என்று பார்த்து மார்க்கரால் வட்டம் போடுங்கள். நாலு அங்குலம் போதும். அதுவே எனக்கு 330 லிட்டர் பக்கம் வந்தது, அதாவது 330 கிலோ, அடியில் ரெண்டு அடிக்கு ஒன்றாக மணல் மூட்டையோ பழைய டயரோ முட்டுக் கொடுக்காவிட்டால் தகடு நெளிந்துவிடும். ராமநாதபுரத்தில் 330 லிட்டர் நல்ல தண்ணீர் என்றால் குடம் பத்து ரூபாய் கணக்கில் 22 குடம், அதைப் படகுக்கு ஊற்றினால் வீட்டில் சோறு கிடைக்காது. உவர்க் கிணற்றுத் தண்ணீரில் சோதனையை முடித்துவிட்டு, கடைசியில் மூன்று குடம் நல்ல தண்ணீரில் கழுவினேன்.

ஊர் ஓடாவி (மரப் படகு கட்டுகிற தச்சர்) மாமா வேடிக்கை பார்க்க வந்தார். ஐம்பது வருஷமாகப் பலகை இடுக்கில் பஞ்சும் குங்கிலியமும் வைத்துக் கலப்பத்து அடிப்பவர். "மருமகனே, இதுல எங்க அடிக்கிறது கலப்பத்து?" என்று சிரித்தார். ஆனால் சும்மா போகவில்லை, சின்னச் சுத்தியலால் ஒவ்வொரு ரிவெட்டாகத் தட்டிக்கொண்டே வந்து, சத்தம் செத்துப்போன இடத்திலெல்லாம் "இது, இது" என்று காட்டினார். நான் வட்டம் போட்ட 31-ல் 27 அவர் காதுக்கும் கிடைத்தது, அதுபோக நான் தவறவிட்ட அஞ்சையும் கண்டுபிடித்தார்.

தளர்ந்த ரிவெட்டை இறுக்க ரெண்டு பேர் வேண்டும். ஒருவர் வெளிப்பக்கத் தலையில் கனமான இரும்புக் கட்டியை அழுத்திப் பிடிக்க, மற்றவர் உள்பக்க வாலை அடிக்க வேண்டும், ரெண்டு மூன்று அடிதான். பாதிக்கு மேல் இப்படியே நின்றுவிட்டது, செலவு டீக்காசு. இறுகாததை மட்டும் துளை போட்டு எடுத்துவிட்டுப் புதிது போடலாம். இங்கேதான் நான் கெட்டேன். ஹார்டுவேர் கடையில் கேட்டால் கொடுக்கிற சாதாரண பாப் ரிவெட்டை வாங்கிப் போட்டேன். அதன் உடம்பு அலுமினியம், நடுக்கம்பி இரும்பு. மூன்றே வாரத்தில் ஒவ்வொரு தலையிலிருந்தும் துரு வழிந்தது, நடுவே ஓட்டை வேறு, சொட்டுச் சொட்டாகக் கசிந்தது. எல்லாவற்றையும் பிடுங்கினேன். நுனி மூடிய ரிவெட், கம்பியும் அலுமினியமே உள்ளது என்று கேட்டு வாங்குங்கள், பாலியூரித்தேன் சீலன்டில் தோய்த்து அடியுங்கள். சிலிகான் வேண்டாம், பிறகு அதன் மேல் பெயின்ட் ஒட்டாது.

குழிகளுக்கு எபாக்சி (ரெண்டு பாகம் கலந்து பூசுகிற பசை) போதும், ஒரு நுணுக்கம் உண்டு. தேய்த்த அலுமினியம் சில நிமிஷத்திலேயே மறுபடி ஆக்சைடு கட்டிவிடும், அதனால் முதலில் எபாக்சியைத் தடவி அந்த ஈரத்தோடேயே உப்புக்காகிதத்தால் தேய்க்க வேண்டும், காற்றுக்கு இடமே கொடுக்கக்கூடாது. விரிசல் இருந்தால் அது எபாக்சிக்கு அடங்காது. விரிசல் முடிகிற நுனியில் 3 மி.மீ. துளை போட்டு அதற்கு மேல் ஓடாமல் நிறுத்திவிட்டு ஆர்கான் வெல்டிங்குக்குக் கொண்டுபோங்கள். அலுமினியம் உருகுவது 660 டிகிரியில், மேலே உள்ள ஆக்சைடு உருகுவதோ 2,000 டிகிரிக்கு மேல், இரும்பு கேட், கிரில் செய்கிற சாதாரண வெல்டிங் பட்டறையில் கொடுத்தால் படலம் அப்படியே இருக்க அடியில் தகடு உருகி விழுந்துவிடும். 5356 கம்பி (மெக்னீசியம் கலந்த அலுமினிய வெல்டிங் கம்பி) இருக்கிறதா என்று கேளுங்கள். அந்த எண்ணைக் கேட்டதுமே வெல்டருக்கு வேலை தெரியுமா இல்லையா என்பது முகத்தில் தெரிந்துவிடும்.

இன்ஜின் மாட்டுகிற பின்பலகைதான் பெரிய செலவு, அதில் மட்டும் கஞ்சத்தனம் வேண்டாம். ஐ.எஸ். 710 முத்திரை உள்ள (தண்ணீர் தாங்குகிற மரைன் ரகம்) 18 மி.மீ. பிளைவுட் ரெண்டை எபாக்சியால் ஒட்டி, எல்லா ஓரத்துக்கும், போட்ட துளைகளின் உள்பக்கத்துக்கும்கூட, மூன்று கை எபாக்சி ஓட்டினேன். செம்பு உப்பு ஏற்றிப் பதப்படுத்திய மரம் எவ்வளவு மலிவாக வந்தாலும் தொடாதீர்கள், ஈயமணி கதைதான் மறுபடியும். போல்ட் 316 ஸ்டெயின்லெஸ். அதுகூட நேரடியாகத் தகட்டைத் தொடக்கூடாது, பிளாஸ்டிக் எண்ணெய்க் கேனை வெட்டி வாஷர், மீன்தொட்டிக் காற்றுக் குழாயை வெட்டி உறை, எனக்கு ஒரு பைசா செலவில்லை.

பெயின்ட் அடிப்பது அக்டோபரிலிருந்து டிசம்பர் வரை மழையில் ஆகாத வேலை, கச்சான் (மேற்கிலிருந்து அடிக்கிற காற்று) கிளம்பினால் மணல் வந்து ஒட்டும், நான் மாசி பங்குனியில் செய்தேன். முதலில் எட்ச் பிரைமர் (தகட்டை லேசாக அரித்துப் பிடித்துக்கொள்கிற அடிப்பூச்சு), பிறகு எபாக்சி பிரைமர், மேலே என்ன நிறம் வேண்டுமோ அது. கடலோர வீடென்றால் ஒரு பூச்சுக்கும் அடுத்த பூச்சுக்கும் நடுவில் உப்புக் காற்று படிந்துவிடும், நல்ல தண்ணீர் நனைத்த துணியால் துடைத்து உலர்த்திவிட்டு அடியுங்கள். மர வல்லத்துக்கு வாங்கி மிஞ்சிய ரெட் லெட் பிரைமர் கிடக்கிறதே என்று எடுத்துவிடாதீர்கள், அதில் இருப்பதும் ஈயம். கொட்டலசு (படகின் அடியில் ஒட்டி வளர்கிற சிறு ஓட்டு உயிரி) பிடிக்காமலிருக்க அடிக்கிற செம்புப் பெயின்டும் அப்படித்தான். என் படகு இரவில் கரையில் கிடப்பதால் கொட்டலசுத் தொல்லை இல்லை. நீங்கள் தண்ணீரிலேயே கட்டிப்போடுவதாக இருந்தால் ஒரு துத்தநாகக் கட்டியைத் தகட்டோடு உலோகம் படும்படி மாட்டிவிடுங்கள், அரிப்பு முதலில் அதைத் தின்னும்.

பழைய ஸ்பாஞ்சுக்குப் பதில் தெர்மாகோல் அடைக்கலாம் என்று தோன்றும். பெட்ரோல் சிந்தினால் தெர்மாகோல் கரைந்துவிடும். நான் இருக்கைகளுக்கு அடியில் மூடி இறுக்கிய ஒரு லிட்டர் தண்ணீர் பாட்டில்கள் 120 அடுக்கி வலையால் கட்டினேன், ஒவ்வொன்றும் கிட்டத்தட்ட ஒரு கிலோவைத் தூக்கும். 68 கிலோ அலுமினியம் முழுக்க மூழ்கினால் தண்ணீருக்குள் எடை 43 கிலோதான், ஆக இன்ஜினோடு கவிழ்ந்தாலும் படகு மிதக்கும், பிடித்துக்கொண்டு கிடக்கலாம். இது லைஃப் ஜாக்கெட்டுக்குப் பதில் இல்லை, அதுவும் வேண்டும்.

கணக்கு: படகு 9,520, பின்பலகையும் எபாக்சியும் 5,400, ரிவெட் சீலன்ட் 2,300, வெல்டிங் 1,800, பெயின்ட் 4,100, போல்ட் 1,250. மொத்தம் 24,370. பிடுங்கி எறிந்த ரிவெட்டும் அது தின்ற ரெண்டு ஞாயிற்றுக்கிழமையும் இதில் சேராது. இன்ஜின் என் அண்ணனுடையது, அதனால் அந்தக் கணக்கு எனக்குத் தெரியாது. மீன் பிடிக்கத்தான் வாங்குகிறீர்கள் என்றால் மீன்வளத்துறையில் பதிவு வேண்டும், மன்னார் வளைகுடாப் பக்கம் என்றால் அந்த 21 தீவுகள் தேசியப் பூங்கா, அனுமதியில்லாமல் ஒதுங்க முடியாது.

கடையில் பார்க்கப் போகும்போது ஒரு ஸ்க்ரூடிரைவரைக் கொண்டுபோய் ஸ்பாஞ்சின் ஓரத்தை மட்டும் தூக்கிப் பாருங்கள். வெள்ளை மாவு இருந்தால் விலையைக் குறைத்துக் கேளுங்கள், குத்தினால் ஸ்க்ரூடிரைவர் உள்ளே போகிறது என்றால் வாங்காமல் வந்துவிடுங்கள்.